கூடுதல் பொறுப்பு

அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவள் இல்லை நான். எங்கள் வீட்டு மாடிப்படி அப்படி அமைந்துவிட்டது. நெல்லித்தோப்பில் வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டுதான் நிற்கும். துணி காயப்போட மேலே ஏறினால் பக்கத்து வீட்டு லூர்துபிரகாஷ் வீட்டில் என்ன குழம்பு, யார் யாரோடு பேசவில்லை, யார் குளிக்கவில்லை எல்லாம் தானாகக் கண்ணில் விழும். கண்ணை மூடிக்கொண்டு படியேறினால் நான் விழுந்துவிட மாட்டேனா?

அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லூர்து இடது கன்னம் ஆப்பம் மாதிரி உப்பி வீட்டுக்கு வந்ததைப் பார்த்தேன். புதன்கிழமை வலது கன்னமும் சமமாகிவிட்டது. வியாழக்கிழமை சிரித்தான், முன்பல் ஒன்று இல்லை.

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டி, கீழே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி அந்தோணிமேரியிடம் கேட்டேன்.

"மேரி, உன் வீட்டுக்காரருக்கு இன்னா ஆச்சு?"

"ஆபீஸ் வேலைக்கா."

"கிளார்க் வேலைதானே?"

"ஆமாக்கா. இப்ப எல்லாம் கம்ப்யூட்டர் ஆயிடுச்சு."

இதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க நான் என்ன கல்லா? விசாரித்தேன். ஷாஜாதி என்னிடம்தான் சுடிதார் தைக்கக் கொடுப்பாள். லூர்து வேலை செய்கிற அதே நகர நிழல் வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். அளவெடுக்கும்போது கையைத் தூக்கச் சொன்னால் வாயும் திறந்துகொள்ளும். கொஞ்சம் அவள் சொன்னது, கொஞ்சம் மேரி அழுதது, மிச்சம் நானே நேரில் பார்த்தது. சேர்த்துச் சொல்கிறேன்.

நகர நிழல் வாரியம் என்றால் தெருவில் நிற்கும் மரங்களின் நிழலைப் பாதுகாக்கிற ஆபீஸ். பழைய பிரெஞ்சுக் கட்டடம், மஞ்சள் சுவர், யானை நுழைகிற கதவு. உங்கள் வீட்டு மேல் சாய்கிற கிளையை வெட்ட வேண்டுமென்றால் அங்கே மனு கொடுக்க வேண்டும். எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு தூங்குமூஞ்சி மரத்துக் கிளை படுத்திருக்கிறது. நான் மனு கொடுத்தபோது அது விரல் பருமன். இப்போது என் இடுப்புப் பருமன். இரண்டும் சேர்ந்தேதான் வளர்ந்தன.

லூர்து அங்கே தினக்கூலி ஊழியன். அவன் மகள் லினெட் தொட்டிலில் கிடந்தபோது சேர்ந்தவன். லினெட் இப்போது பிளஸ் டூ. நிரந்தரம் ஆக்குகிற ஃபைல் மேலே போகும், கேள்வியோடு கீழே வரும். பதில் எழுதி மறுபடி மேலே போகும். இத்தனை வருஷம் இதைப் பார்த்துப் பார்த்து அவன் இதயம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. அவசரப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அது நின்று நிதானித்து அடிக்கப் பழகிக்கொண்டது. டாக்டர் ஒருமுறை ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "இருக்கீங்களா?" என்று விசாரித்தாராம்.

அந்த வாரியத்துக்கு இயக்குநர் தணிகாசலம். அவருக்கு ஒரே ஒரு ஆசை, கூடுதல் பொறுப்பு. எந்த அதிகாரி மாற்றலாகிப் போனாலும், ஓய்வு பெற்றாலும், செத்தாலும், "அந்த சீட்டை நான் கூடுதலா பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொள்வார். உதிர்ந்த இலைப் பிரிவின் தலைவர் இறந்தபோது, பெட்டியில் ஆணி அடிக்கிறதுக்குள் குனிந்து, "கவலைப்படாம போங்க, பொறுப்பு என்கிட்டதான்" என்று பிணத்துக்கு ஆறுதல் சொன்னவர். இயக்குநர், உதிர்ந்த இலை, கூடுதல் பொறுப்பு, நடைபாதை நாற்காலி, கூடுதல் பொறுப்பு, பறவை எச்சம் ஒழிப்பு, முழு கூடுதல் பொறுப்பு என்று அவர் பெயர்ப்பலகை அறை வாசலில் தொடங்கி, சுவர் மூலையில் திரும்பி, கழிப்பறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வேலை எதுவும் நடக்காது. அது அவர் பொறுப்பில் இல்லை.

இப்படி இருக்கையில்தான் பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்தார். ஊழியர் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு கறுப்புப் பட்டையைக் கட்டினார். அது நாடித் துடிப்பைப் பிடித்து மன அழுத்தத்தை அளக்கும். கூடத்தில் ஒரு பெரிய திரை. அதில் எல்லோர் பெயரும். அமைதியாக இருந்தால் பச்சை, பதற்றமானால் மஞ்சள், மீறினால் சிவப்பு.

திறப்பு விழாவில் இயக்குநர் பேசியதை ஷாஜாதி போனில் பிடித்து வைத்திருந்தாள். நான் பலமுறை கேட்டேன். கேட்கக் கேட்கப் புதிதாக இருக்கும்.

"நீங்கள் கஷ்டப்படுகிறீர்கள் என்பது எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியும். ஆனால் எவ்வளவு என்று தெரியவில்லையே என்பதுதான் என் வேதனையாக இருந்தது. இனி அந்த வேதனை எனக்கு இல்லை. அழுத்தத்தோடு வீட்டுக்குப் போகிறவன் பெண்டாட்டியை அடிக்கிறான். இந்த அழுத்தம் வாரியத்தில் உற்பத்தியானது. ஆகவே வாரியத்துக்குச் சொந்தமானது. அரசுச் சொத்தை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. சிவப்பாக இருப்பவர்களுக்கு இன்று முதல் வாசல் கதவு திறக்காது."

எல்லோரும் கை தட்டினார்களாம். தட்டுகிறபோதே பாதிப் பேர் மஞ்சளுக்குப் போய்விட்டார்கள்.

முதல் நாள் சாயங்காலம் ஆபீஸ் விடுகிற நேரத்தில் கண்காணிப்பாளர் ராஜவேல் பையைத் தூக்கிக்கொண்டு புதுக் கண்ணாடிக் கதவருகே போனார். அவர் பெயர் சிவப்பு. கதவு திறக்கவில்லை. திறக்கவில்லை என்றதும் இன்னும் சிவந்தார். சிவப்பு இறங்காமல் கால் மணி நேரம் இருந்தால் அமைதியாக இருக்கும்படி நினைவூட்ட அந்தப் பட்டை மணிக்கட்டில் ஒரு ஷாக் கொடுக்கும். கொடுத்தது. ராஜவேல் "அய்யோ" என்று துள்ளிக் கதவை உதைத்தார். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் கொட்டியது. அவர் அலறியதைக் கேட்டு மஞ்சளில் இருந்தவர்கள் சிவப்புக்கு வந்தார்கள். ஷாஜாதிக்குக் கையில் சூடான டீயோடு நினைவூட்டல் வந்தது. டீ முழுக்க ராஜவேலின் முதுகில். யாரோ ஸ்டேப்ளரைத் தூக்கித் திரை மேல் எறிந்தார்கள்; திரை எறிந்தவர் பெயரை மட்டும் கொட்டை எழுத்தில் காட்டியது. ஒருவர் பிரிண்டரை ஜன்னல் வழியாக வெளியே தள்ளினார். அது கீழே நிறுத்தியிருந்த அவர் வண்டி மேலேயே விழுந்தது.

சண்டைச் சத்தம் கேட்டு ரோந்து போய்க்கொண்டிருந்த போலீஸ்காரர் சிவப்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எட்டிப்பார்த்தார்.

"இன்னாபா கலாட்டா?"

"மன அமைதித் திட்டம் சார்," என்றார் ராஜவேல், நொண்டிக்கொண்டே.

"சுற்றறிக்கை இருக்குதா?"

கண்ணாடி வழியாகக் காட்டினார்கள். படித்துப் பார்த்துவிட்டு, "அப்ப சரி. கொஞ்சம் சத்தமில்லாம அமைதியா இருங்க" என்று போய்விட்டார்.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவன் பச்சை. லூர்து எல்லோரிடமும், "போய்ட்டு வரேன் சார், போய்ட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளினான். திறந்தது. போய்விட்டான். அவன் முதுகை அத்தனை பேரும் பார்த்த பார்வையில் சட்டை பொசுங்காமல் இருந்தது அதிசயம்.

மறுநாள் இயக்குநர் அவனைக் கூப்பிட்டார். கம்பெனிக்காரர் பட்டை பழுதோ என்று மாற்றிக் கட்டிப் பார்த்தார். பச்சை. அதே பட்டையை மேசைக்காலில் கட்டிப் பார்த்தார். மேசைக்கால் மஞ்சள் காட்டியது.

"மேசையே இந்த ஆபீஸ்ல பதட்டமா இருக்குது. உனக்கு இன்னாயா?" என்றார் இயக்குநர். "வேலை செய்யறவனுக்கு அழுத்தம் இருக்கும். அழுத்தம் இல்லைன்னா வேலை செய்யலைன்னு அர்த்தம். வேலை செய்யாதவனை நான் எப்படி நிரந்தரம் பண்றது? மாசக் கடைசிக்குள்ள ஒரு தடவையாவது சிவப்பு காட்டு. இல்லைன்னா தினக்கூலியும் கிடையாது."

இப்படித்தான் லூர்து பிழைப்புக்காகப் பதற வேண்டியதாயிற்று.

வீட்டில் மேரி எடுத்த முயற்சி எனக்கு மாடியிலிருந்து முழுக்கத் தெரிந்தது. அவன் பின்னால் போய் அண்டாவைக் கீழே போட்டாள். எங்கள் வீட்டுப் பூனை மூன்று நாள் வரவில்லை, லூர்து திரும்பிப் பார்த்து, "அடிபட்டுச்சா?" என்றான், அண்டாவை. லினெட்டைப் பொய் சொல்லச் சொன்னாள்.

"அப்பா, நான் எல்லாப் பாடத்துலயும் ஃபெயிலு."

"அப்படியா கண்ணு. சாப்டியா?"

மேரி தோசைக் கரண்டியை அவன் தோளில் போட்டு வளைத்தாள். பட்டை பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது. "கல்யாணம் ஆனதுலேர்ந்து நானும் பாக்கறேன், இந்த மனுஷனுக்கு ஒரு கோவம் வருதா?" என்று அவள் அழுதாள். இந்த மாதிரி ஒரு குறைக்காக அழுகிற பெண்டாட்டியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டு நானும் கொஞ்சம் அழுதேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது இது. ஆபீஸ் விடும் நேரம். ராஜவேலின் பெண்டாட்டி சாரம் பஸ் ஸ்டாப்பில் காத்திருக்கிறாள், போன் மேல் போன். அவர் சிவப்பு. மணிக்கட்டில் நினைவூட்டல் வந்து வந்து தோல் கறுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து லூர்து பக்கத்தில் போய், மெதுவாக, "டீ சொல்லட்டுமா சார்?" என்று கேட்டான்.

ராஜவேல் விட்டார் ஒரு அறை.

வாழைத்தண்டை ஒடித்த மாதிரி சத்தம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லூர்தைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார்கள். ராஜவேலின் பெயர் சிவப்பிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து பச்சையாகி, பனி இறங்கிய புல் மாதிரி குளிர்ந்து நின்றது. கதவு 'ணங்' என்று திறந்தது.

 கூடத்தில் நாற்காலிகள் நகர்கிற சத்தம். வரிசை நின்றுவிட்டது.

"தப்பா நெனைக்காத லூர்து," என்று ராஜவேல் வாசலில் நின்றே விளக்கினார். "எங்களுக்கு இறங்குது. உனக்கும் வாங்க வாங்க ஏறும். நீ சிவப்பு காட்டணுமா இல்லியா? ரெண்டு பேருக்கும் லாபம்."

லூர்து யோசித்தான். நியாயமாகத்தான் பட்டது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

ஷாஜாதி, தான் மட்டும் அடிக்கவில்லை என்றாள். நான் நம்பவில்லை, அவள் கையில் மருதாணி கலைந்திருந்தது. "கடைசீல ஒண்ணு, சும்மா தொட்ட மாதிரி கலாக்கா. எங்க அம்மி வயசானவங்க, வீட்ல தனியா இருக்காங்க, நான் எப்படிப் போறது?" என்றாள். அதுவும் நியாயம்தான். இந்தக் கதையில் எல்லோரிடமும் நியாயம் இருந்தது. அடி மட்டும் ஒருவனிடம் இருந்தது.

தினம் சாயங்காலம் இதுவே வழக்கமாகிவிட்டது. ஒழுங்கும் வந்துவிட்டது. மோதிரம் கழற்ற வேண்டும். பெண்களுக்குத் தனி வரிசை. ஒற்றைப்படைத் தேதியில் இடது கன்னம், இரட்டைப்படையில் வலது. சங்கத் தலைவர் கடுமையான கண்டனம் தெரிவித்துத் துண்டறிக்கை போட்டார்: அடிக்கும் உரிமை நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும் என்பது பாகுபாடு, தினக்கூலிகளுக்கும் வேண்டும் என்று.

அந்த வியாழக்கிழமை, பிரெஞ்சு ராணுவச் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்ற சொல்தா மார்ட்டின், வீட்டு வேப்பமரத்துக்கு மனு கொடுக்க வந்தார். உள்ளே பார்த்தவர், "முசே, இது இன்னா க்யூ?" என்று கேட்டார். சொன்னார்கள். "கை வைக்கிற முறையே தப்பு" என்று கைத்தடியைச் சாத்திவைத்துவிட்டு, தோளிலிருந்து எப்படி வீச வேண்டும் என்று ராஜவேலுக்குக் காட்டிக்கொடுத்தார். லூர்தின் முன்பல் அன்றுதான் போனது. "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டு மார்ட்டின் கிளம்பினார். மனு கொடுக்க மறந்துவிட்டார். இனித் தேவையில்லை, மனசு லேசாகிவிட்டது என்றாராம்.

இத்தனைக்கும் லூர்து பச்சை.

ஒருநாள் மாடியில் துணி எடுக்கப் போனபோது அவன் கீழே கொல்லையில் ஈரத்துணியைக் கன்னத்தில் ஒத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வலிக்குதா லூர்து?"

"வலிக்குது கலாக்கா. வலி வேற, துடிப்பு வேறயாம். இது ஏற மாட்டேங்குது."

"விட்டுத்தொலைச்சிட்டு வேற வேலை பாரேன்."

"நிரந்தரமானா லீவு உண்டுக்கா," என்றான். "எனக்கு இத்தினி வருஷத்துல ஒரு நாள் லீவு கிடையாது. போகலைன்னா அன்னிக்குக் கூலி இல்ல. எங்கம்மாவ எடுத்த அன்னிக்கும் மத்தியானத்துக்கு மேல ஆபீஸ் போயிட்டேன். ஒரே ஒரு நாள், ஒரு புதன்கிழமை, ஒரு காரணமும் இல்லாம வீட்ல உக்காரணும். அதுக்குச் சம்பளம் வரணும். அவ்ளோதான்."

நான் காயாத துணியையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மாசக் கடைசி வந்தது. இயக்குநர் முன்னால் கம்பெனிக்காரர் ஒரு வரைபடத்தை விரித்தார். வாரியத்தின் மன அழுத்தம் மலை மாதிரி ஏறி, ஒரு செவ்வாய்க்கிழமையிலிருந்து பள்ளத்தில் விழுந்திருந்தது. இயக்குநர் காரணம் கேட்டார். ராஜவேல் உண்மையைச் சொன்னார். இயக்குநர் எழுந்து நின்றுவிட்டார்.

"இப்படி ஒரு சேவை வாரியத்துல நடக்குது, அதுக்கு ஒரு பதவியே இல்லையா?"

அன்றே புதுப் பதவி ஒன்று உருவாயிற்று: அழுத்த நிவாரண அலுவலர். நிரந்தரப் பதவி. முழுச் சம்பளம், லீவு எல்லாம் உண்டு. நியமனம் லூர்துபிரகாஷுக்கு.

மேரி தெருவுக்கே லட்டு கொடுத்தாள். "கலாக்கா, நீங்க அவசியம் விழாவுக்கு வரணும்" என்றாள். நான் என் மனு விஷயமாகப் போகிற மாதிரி போய் முன்வரிசையிலேயே உட்கார்ந்தேன். மேரியும் லினெட்டும் மாதா கோயிலில் நன்றிப் பூசைக்குச் சொல்லிவிட்டு அங்கேயே காத்திருந்தார்கள். ஐந்தரை மணிப் பூசை. லூர்து உத்தரவை வாங்கிக்கொண்டு நேரே அங்கே போக வேண்டும்.

விழாவில் குத்துவிளக்கு, சால்வை, தட்டில் ஆப்பிள். பின்னால் திரை. இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"உலகத்தில் எந்த அலுவலகமும் தன் ஊழியருக்கு வலி கொடுக்காமல் இருந்ததில்லை. ஆனால் யார் யாருக்கு எவ்வளவு என்று ஒழுங்கில்லாமல் பரவிக் கிடந்தது. அதை ஒரே மேசையில் கொண்டுவந்து சேர்த்தது இந்த வாரியம். இதை நிர்வாகச் சீர்திருத்தம் என்பார்கள். தோழர் லூர்துபிரகாஷின் மத உணர்வையும் நாங்கள் மதித்தோம். ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டு என்று அவர்கள் வேதத்திலேயே இதற்கு முன்அனுமதி இருக்கிறது. ஆகவே தனியாக அனுமதி பெறத் தேவை எழவில்லை."

கைத்தட்டல். லூர்து சால்வையோடு முன்னால் வந்தான். உத்தரவை இரண்டு கையாலும் வாங்கினான். தன் பெயரைப் படித்தான். கீழே, 'நிரந்தரம்' என்ற சொல்லை விரலால் தொட்டுப் பார்த்தான்.

அப்போது திரையில் அவன் பெயர் மஞ்சளாயிற்று.

 மஞ்சள் சிவப்பாயிற்று. அவன் நெற்றியில் முத்துமுத்தாக வேர்வை. இத்தனை அடிக்கும் அசையாத இதயம் இப்போது மத்தளம் கொட்டியது. எனக்கு உடனே புரிந்தது. இழக்க ஒன்றும் இல்லாத வரை அது தூங்கியது. இப்போது கையில் ஒன்று வந்துவிட்டதே.

"காட்டிட்டான்யா!" என்று இயக்குநர் மகிழ்ந்தார். சிற்றுண்டி முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். லூர்து கதவைத் தள்ளினான். திறக்கவில்லை.

"பூசைக்கு நேரமாச்சு சார்," என்றான்.

"சிவப்புன்னா நிவாரண அலுவலர்கிட்டப் போகணும், தெரியாதா?"

"நான்தான் சார் அது."

இயக்குநர் ராஜவேலைப் பார்த்தார். ராஜவேல் கம்பெனிக்காரரைப் பார்த்தார். கம்பெனிக்காரர் போனைப் பார்த்தார். மணிக்கட்டில் நினைவூட்டல் வந்து லூர்து துள்ளினான். வாழ்க்கையில் அவனுக்கு அது முதல்முறை. வேறு வழி தெரியாமல் கையை ஓங்கித் தன் கன்னத்திலேயே பளீரென்று அறைந்துகொண்டான். இன்னும் சிவந்தது. மறுபடி அறைந்துகொண்டான். உதடு கிழிந்து சால்வையில் ரத்தம் சொட்டியது.

"நிறுத்துங்க," என்றாள் ஷாஜாதி. கணக்குப் பிரிவுக் குரல் அது. "கொடுக்கறவரும் வாங்கறவரும் ஒரே ஆளா இருக்கக் கூடாது. தணிக்கைல தடை வரும்."

"அதானே," என்றார் இயக்குநர். தணிக்கை என்றால் அவருக்குக் காய்ச்சல் வரும். "அப்ப இன்னா வழி?"

ஷாஜாதி தலைகுனிந்து, ரொம்ப அடக்கமாக, "அலுவலர் பணி செய்ய முடியாத நெலைல இருக்கார் சார். அந்தச் சீட்டு இப்ப காலி மாதிரிதான். பொறுப்பு யாருக்குன்னு போடட்டும்?" என்று கேட்டாள்.

காலி என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம். இயக்குநரின் கை தானாகச் சட்டைப் பையில் பச்சை மைப் பேனாவுக்குப் போய்விட்டது.

"இதுல இன்னா கேள்வி? நானே கூடுதலா பாத்துக்கறேன். முழு கூடுதல் பொறுப்புன்னு போடு."

ஷாஜாதி காகிதத்தை நீட்டினாள். கையெழுத்துப் போட்டார். கீழே கோடும் இழுத்தார். பேனாவை மூடினார். நிமிர்ந்து பார்த்தார். அத்தனை பேரும் அவர் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜவேல் மோதிரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சார்," என்று லூர்து கேட்டான். "இதுக்காக என் ஆர்டரைக் கேன்சல் பண்ணிடுவீங்களா?"

"பண்ண முடியாது," என்றாள் ஷாஜாதி, இயக்குநர் வாய் திறப்பதற்குள். "இது அவர் செய்யற பணி. பணிக்காக யாரையும் தண்டிக்க முடியாது. விதி சார் போட்டதுதான்."

லூர்து உத்தரவை நான்காக மடித்து என்னிடம் வந்தான். "இதப் புடிங்க கலாக்கா, கசங்கிடப் போகுது." நான் ஜாக்கெட்டுக்குள் பத்திரப்படுத்தினேன். அவன் கண்ணாடியைக் கழற்றி, இயக்குநரின் கண்ணாடியையும் மரியாதையாகக் கழற்றி, இரண்டையும் மேசை மேல் வைத்தான்.

"மன்னிச்சிடுங்க சார். தேதி ஒத்தைப்படை. இடது."

அவன் எதையும் மெதுவாகத்தான் செய்வான். கை மெதுவாக மேலே போனது. லினெட்டின் தொட்டில், மேலே போன ஃபைல், கீழே வந்த கேள்வி, அம்மாவை எடுத்த அன்று மத்தியானம் எல்லாவற்றையும் வழியில் நின்று நின்று ஏற்றிக்கொண்டு போன மாதிரி இருந்தது. சொல்தா சொல்லிக்கொடுத்தபடி தோளிலிருந்து இறங்கியது.

இயக்குநர் ஒரு சுற்றுச் சுற்றினார். குத்துவிளக்கைக் கட்டிப்பிடித்து, அதோடு ஆப்பிள் தட்டின் மேல் சாய்ந்து, கண்ணாடி டம்ளர்களை வரிசையாக உடைத்துக்கொண்டு மேடைக்குக் கீழே போய்ச் சேர்ந்தார். மூக்கிலிருந்து ரத்தம். எண்ணெய் வேட்டியெல்லாம். திரையில் லூர்துபிரகாஷ், பச்சை. கதவு 'ணங்'.

"தேங்க்ஸ் சார்," என்று சொல்லிவிட்டு, என்னிடம் உத்தரவை வாங்கிக்கொண்டு பூசைக்கு ஓடினான். அவன் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

பின்னால் வரிசை கழிப்பறை வரை நின்றது, பெயர்ப்பலகைக்குச் சமமாக. நான் ஊழியர் இல்லையாதலால் ஓரமாக நின்று பார்க்க மட்டும்தான் முடிந்தது. அந்தக் குறை எனக்கு நெடுநாள் இருந்தது.

மறுநாளே இயக்குநர் அந்தப் பொறுப்பை உதறிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் மூக்கில் பிளாஸ்திரியோடும் கூடவே பெயர்ப்பலகை எழுதுகிற பெயிண்டரோடும் வந்தார். 'அழுத்த நிவாரணம், முழு கூடுதல் பொறுப்பு (அலுவலர் இல்லாத நாட்களில்)' என்று எழுத இடம் போதாமல் கழிப்பறைக் கதவிலும் இரண்டு சொல் ஏறிற்று. பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தால் பலகை சுருங்குமே! போதாததற்கு, பேட்டி எடுக்க வந்தவரிடம் வீங்கிய வாயோடு சொன்னாராம்: "எந்த இயக்குநர் அறை வாசல்லயாவது இப்படி வரிசை நிக்குதா? மக்கள் என்னைத் தேடி வர்றாங்க. அடுத்த கட்டமா பொதுமக்களுக்கும் இந்தச் சேவையை விரிவுபடுத்தறோம்."

விரிவுபடுத்திவிட்டார். வாசலில் டோக்கன் கொடுக்கிறார்கள்.

லூர்து இருக்கும் நாட்களில் போனால் அடி வாங்குவது லூர்துதான். அந்தப் பாவத்தை யார் செய்வது? ஆனால் அவனுக்குத்தான் இப்போது லீவு உண்டே. கேட்ட கையோடு ராஜவேல் லீவு கொடுத்துவிடுகிறார், கேட்காத நாளில், "இன்னாபா, உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்று அவரே பாரத்தை நீட்டுகிறார். சொல்தா மார்ட்டின் வாரத்துக்கு இருமுறை போன் செய்து, "முசே லூர்து இன்னிக்கு லீவா?" என்று விசாரிக்கிறாராம்.

போன வாரம் அந்தத் தூங்குமூஞ்சிக் கிளை ஒடிந்து எங்கள் தண்ணீர்த் தொட்டியைப் பிளந்துகொண்டு விழுந்தது. என் மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

இன்று காலை துணி காயப்போட ஏறினேன். கீழே கொல்லையில் லூர்து லுங்கியோடு, ஒரு காரணமும் இல்லாமல், செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். புதன்கிழமை.

துணியை அப்படியே போட்டுவிட்டுக் கீழே இறங்கி, ஆட்டோ பிடித்தேன். வாரியத்து வாசலில் டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.